சின்ன வயதில் பார்த்த டிரவுட் மீன் இப்போது ஏன் ஓடையில் இல்லை?

மலை ஓடையில் டிரவுட் பிடித்து வளர்ந்தவர்கள் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஏறக்குறைய ஒரே கதைதான் வரும். "அந்தப் பாறைக்குக் கீழே ஒரு மடு இருந்தது. தூண்டிலைப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே இழுக்கும். இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தாலும் ஒரு மீன் தொட மாட்டேன் என்கிறது." காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "எல்லாரும் சேர்ந்து பிடித்துத் தீர்த்துவிட்டார்கள்."

வருத்தம் நியாயமானது. காரணம்தான் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. அளவில்லாமல் பிடித்ததால் காலியான ஓடைகள் உண்டுதான். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், பிடிப்பதை நிறுத்திய சில வருஷங்களில் மீன் பெருகிவிட வேண்டும். டிரவுட் பொதுவாக இரண்டு மூன்று வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரு கிலோ எடையுள்ள பழுப்பு டிரவுட்டின் வயிற்றில் 2000 முட்டை வரை இருக்கும். இப்படிப்பட்ட மீன், வருஷக்கணக்கில் யாரும் தூண்டில் போடாத ஓடையிலும் இல்லை என்றால், மாறியது ஓடைதான். என்ன மாறியது என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும். டிரவுட் என்பது ஒரே மீன் அல்ல, சால்மன் குடும்பத்தில் பல இனங்களுக்கு வழங்கும் பொதுப்பெயர். பழுப்பு டிரவுட் ஐரோப்பாவையும் அதை ஒட்டிய நிலங்களையும் பூர்வீகமாகக் கொண்டது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் வானவில் டிரவுட், பசிபிக் பெருங்கடலை நோக்கி ஓடும் ஆறுகளுக்குச் சொந்தம். புரூக் டிரவுட் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மீன். ஒன்றுக்கொன்று எத்தனை வேறுபாடு இருந்தாலும் இவை எல்லாவற்றுக்கும் வேண்டியது ஒன்றுதான்: குளிர்ந்த, சுத்தமான, ஓடிக்கொண்டே இருக்கிற தண்ணீர்.

இதில் "குளிர்ந்த" என்ற சொல்லில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

குளிர் என்றால் எவ்வளவு குளிர்?

நமக்கு வெளியே வெயிலானாலும் பனியானாலும் உடம்புச் சூடு மாறுவதில்லை. மீனுக்கு அப்படி இல்லை. தண்ணீர் என்ன சூட்டில் இருக்கிறதோ, அதுதான் அதன் உடம்புச் சூடும். டிரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை சுகமான வரம்பு. அந்தத் தண்ணீரில் நன்றாக இரை எடுக்கும், வளரும். 20 டிகிரியைத் தாண்டினால் திணறத் தொடங்கும். இரையை மறந்துவிட்டு, ஊற்றுத் தண்ணீர் வந்து கலக்கும் இடமாகப் பார்த்து ஒதுங்கும். 25 டிகிரியை ஒட்டிய சூடு நாள்கணக்கில் நீடித்தால் பெரும்பாலான டிரவுட் மீன்கள் பிழைப்பதில்லை.

நாலைந்து டிகிரியில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். இரண்டு கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் புரியும்.

முதல் கணக்கு தண்ணீருடையது. குளிர்ந்த தண்ணீர்தான் அதிகக் காற்றைக் கரைத்து வைத்துக்கொள்ளும். வெயிலில் வைத்த சோடாவில் காற்று சீக்கிரம் போய்விடுவது இதனால்தான். கடல் மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் அது 9.1. 25 டிகிரியில் 8.3. மலையில் உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் இந்த அளவு இன்னும் இறங்கும். 2000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

இரண்டாவது கணக்கு மீனுடையது. சூடு ஏறினால் அதன் உடம்பு வேகமாக இயங்கும். 10 டிகிரி கூடினால் சும்மா இருப்பதற்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜன் தேவைப்படும். ஆக, 10 டிகிரியில் இருந்த ஓடை 20 டிகிரிக்கு வந்தால் ஆக்சிஜன் வரவு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, செலவு இரட்டிப்பாகிறது. கடும் கோடையின் மதியத்தில் டிரவுட் ஓடையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் பாறையில் மோதி நுரைத்து விழும் இடத்துக்கு நேர் கீழே, வாயைத் திறந்து, செவுள் மூடிகள் படபடவென்று அடிக்க, மீன்கள் நெருக்கியடித்து நிற்கும். காலடியில் நாம் நின்றாலும் ஓடாது. ஓடும் தெம்பு அதற்கு இருக்காது. சின்ன வயதில் நம் நிழல் பட்டாலே அம்பு மாதிரிப் பாய்ந்து பாறைக்கு அடியில் மறைந்த அதே மீன்தான் அது.

அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு நடைமுறை இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் தொடர்ந்து மூன்று நாள் ஏறக்குறைய 23 டிகிரியைத் தொட்டால், அந்தப் பகுதியில் மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடலாம். தூண்டிலில் போராடிக் களைத்த மீனை அந்தச் சூட்டில் திரும்ப விட்டாலும் அது செத்துப்போக வாய்ப்பு அதிகம் என்பதுதான் காரணம்.

சரி, ஓடை ஏன் சூடாகிறது? காற்று வெப்பமாவது ஒரு காரணம், அதை மறுப்பதற்கில்லை. 1000 மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிரும். அப்படியென்றால் காற்று ஒரு டிகிரி சூடாகும்போது, பழைய குளிரைத் தேடி ஏறக்குறைய 150 மீட்டர் மேலே போக வேண்டும். டிரவுட்டும் முடிந்தவரை மேலே போகிறது. ஆனால் மேலே போகப்போக ஓடை குறுகும், மடுக்கள் ஆழமில்லாமல் போகும், கடைசியில் ஒரு அருவியோ சதுப்போ வந்து வழி முடிந்துவிடும்.

ஆனால் பல ஓடைகளில் காற்றைவிடப் பெரிய காரணம் கரையிலேயே இருக்கிறது: மரம். ஓடைக்கு மேலே கூரை மாதிரிக் கவிந்த மரங்களை வெட்டினால் தண்ணீரில் நேரடியாக வெயில் விழும். சின்ன ஓடை என்றால் அந்த ஒரு காரியத்துக்கே கோடையில் பல டிகிரி ஏறிவிடும். மேய வரும் மாடுகள் கரையை மிதித்து இடித்தால் ஓடை அகன்று ஆழம் குறையும். அகலமான, ஆழமில்லாத தண்ணீர் தட்டில் ஊற்றிய மாதிரி, வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். மேலே எங்கோ குழாய் வைத்துத் தண்ணீரை எடுத்தால் மிச்சம் ஓடுவது கொஞ்சம், அதுவும் சீக்கிரம் சூடாகும். நிலத்தடி ஊற்றுகள் நிறைய வந்து கலக்கும் ஓடை மட்டும் இதையெல்லாம் கொஞ்சம் தாங்கும், ஏனென்றால் ஊற்றுத் தண்ணீரின் குளிர் வருஷம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. பக்கத்தில் இருக்கும் இரண்டு ஓடைகளில் ஒன்றில் மீன் இருந்து மற்றதில் இல்லாமல் போவதற்கு இந்த ஊற்று காரணமாக இருக்கலாம்.

கூழாங்கல்லுக்கு அடியில் ஒரு தொட்டில்

டிரவுட் குறைவதைப் புரிந்துகொள்ள, முட்டையிலிருந்து குஞ்சு வரும் வரைக்குமான காலத்தைத் தெரிந்துகொள்வதுதான் நல்ல வழி என்று நான் நினைக்கிறேன். பெரிய மீனைத்தான் நாம் எண்ணுகிறோம். இழப்பின் பெரும்பகுதியோ கண்ணுக்குத் தெரியாமல் கல்லுக்கு அடியில் நடந்து முடிந்துவிடுகிறது.

பழுப்பு டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் இலையுதிர் காலத்தில் முட்டையிடும், வானவில் டிரவுட் பெரும்பாலும் வசந்தத்தில். பெண் மீன் ஒரு மடு முடிந்து தண்ணீர் வேகமெடுக்கும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். பட்டாணி அளவிலிருந்து கைப்பிடி அளவு வரை கூழாங்கல் பரவிய தரை வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து வாலைப் படபடவென்று அடிக்கும். கற்கள் கிளம்பி, அவற்றின் இடையில் இருந்த தூசும் மண்ணும் தண்ணீரோடு போய், ஒரு பள்ளம் உருவாகும். அதில் முட்டையிட, ஆண் மீன் பக்கத்தில் வந்து விந்தை விடும். உடனே பெண் மீன் சற்று மேலே போய் மறுபடி வாலடித்து, அங்கிருந்து கிளம்பும் கற்களால் இந்தப் பள்ளத்தை மூடிவிடும். அப்புறம் தாயும் தந்தையும் போய்விடும்.

முட்டைகள் அந்தக் கல்லுக்கு அடியில் தனியாகக் கிடக்கும். 10 டிகிரித் தண்ணீரில் பழுப்பு டிரவுட் முட்டை பொரிய ஏறக்குறைய 40 நாள் ஆகும், 5 டிகிரியில் அதைப்போல இரண்டு மடங்கு. பொரிந்த பிறகும் குஞ்சு வெளியே வராது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பையை உணவாக வைத்துக்கொண்டு இன்னும் சில வாரம் கற்களுக்குள்ளேயே இருக்கும். இத்தனை நாளும் அது பிழைத்திருப்பது ஒரே ஒரு விஷயத்தால்: கற்களின் இடைவெளியில் தண்ணீர் நுழைந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஓட்டம்தான் ஆக்சிஜனைக் கொண்டுவந்து, கழிவை எடுத்துப்போகும்.

இந்த இடத்தில் வண்டல் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? மலைச்சரிவில் புதிதாக ஒரு மண்பாதை போடுகிறார்கள், அல்லது காட்டை மொட்டையடித்து உழுகிறார்கள். முதல் மழையில் மண் கரைந்து ஓடையில் இறங்குகிறது. ஒரு வாரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். பார்ப்பவர்கள் "ஓடை பழையபடி ஆகிவிட்டது" என்று சொல்வார்கள். ஆனால் நுண்ணிய மண் கற்களின் இடுக்கெல்லாம் போய் அடைந்திருக்கும். உள்ளே இருக்கும் முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். பொரிந்த குஞ்சுகளுக்கு வெளியே வர வழி இருக்காது. மேலே பெரிய மீன்கள் இன்னும் இரண்டு மூன்று வருஷம் நீந்திக்கொண்டுதான் இருக்கும், தூண்டிலிலும் மாட்டும். ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது. அவை வயதாகிப் போனதும் திடீரென்று ஒரு வருஷம் "மீனே இல்லை" என்று தெரியும். பாதை போட்டதை அதற்குள் எல்லாரும் மறந்திருப்பார்கள்.

ஓடையில் கையளவுக் கல் ஒன்றைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நல்ல ஓடை என்றால் கல்லின் அடிப்பக்கம் பூச்சிகளின் இளம்புழுக்களால் உயிரோட்டமாக இருக்கும். மூன்று வாலோடு தட்டையாக ஒட்டிக்கொண்டு நகரும் மேஃப்ளை புழு, இரண்டு வால் கொண்ட ஸ்டோன்ஃப்ளை, மணலையும் குச்சித் துணுக்கையும் பட்டு மாதிரி நூலால் ஒட்டித் தனக்கென்று குழாய் வீடு கட்டிக்கொண்டிருக்கும் காடிஸ்ஃப்ளை. டிரவுட்டின் சாப்பாடு பெரும்பாலும் இவைதான். இவையும் குளிர்ந்த சுத்தமான தண்ணீரை நம்பி வாழ்பவை, வண்டல் அடைந்தால் போய்விடும். இவற்றில் பலவற்றுக்குச் சாப்பாடு கரை மரங்களிலிருந்து விழும் இலை. மரத்தை வெட்டினால் நிழல் மட்டுமல்ல, மீனின் பந்தியும் போகிறது. ஓடையில் விழுந்து கிடக்கும் மரத்தை "அடைப்பு" என்று சொல்லி எடுத்துப் போடுவதும் இதே மாதிரிதான். அந்த மரத்தைச் சுற்றித்தான் தண்ணீர் சுழன்று மடு பறித்திருக்கும். மரத்தை எடுத்தால் மடு தூர்ந்துவிடும், மடு போனால் மீனுக்கு ஒளிய இடம் இல்லை. ஆபத்தில்லாத இடத்தில் விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்பேன்.

வேறு சில காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதைக்கு அடியில் ஓடையைக் கொண்டுபோகப் போடும் கல்வெர்ட் குழாயின் வாய், நாளடைவில் கீழே மண் அரித்து அந்தரத்தில் தொங்க ஆரம்பிக்கும். தண்ணீர் விழும், மீன் ஏற முடியாது. மேலே இருக்கும் முட்டையிடும் இடம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் எட்டாது. தொழிற்சாலைப் புகையால் வரும் அமில மழை இன்னொன்று. நார்வேயின் தென்பகுதியில் பழுப்பு டிரவுட் இருந்த எத்தனையோ ஏரிகளும் ஓடைகளும் 20-ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் காலியாயின. அமிலம் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துக் கொண்டுவர, அது செவுளில் படிந்து மீனைக் கொன்றது. அப்புறம் நோய். ஐரோப்பாவிலிருந்து பரவிய ஒரு ஒட்டுண்ணி டிரவுட் குஞ்சின் குருத்தெலும்பைத் தின்று, மீனைத் தன் வாலையே துரத்திச் சுழல வைக்கும். மாண்டானாவின் மேடிசன் ஆற்றில் ஒரு பகுதியில் வானவில் டிரவுட் சுமார் 90 சதவீதம் குறைந்துபோனதற்கு இந்த நோய்தான் காரணம் என்று 1994-இல் கண்டுபிடித்தார்கள்.

பண்ணை மீனைக் கொண்டுவந்து விட்டால் போதாதா?

மீன் குறைகிறது என்றதும் எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். பண்ணையில் வளர்த்த மீனை லாரியில் கொண்டுவந்து கொட்டுவது. பல நாடுகளில் நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்கிறார்கள். தூண்டில்காரர்களுக்குச் சில வாரம் கொண்டாட்டம், உண்மைதான்.

மாண்டானாவில் டிக் வின்சென்ட் என்ற மீன்வள உயிரியலாளர் 1960-களின் கடைசியிலிருந்து இதைச் சோதித்துப் பார்த்தார். மேடிசன் ஆற்றிலும் அதன் பக்கத்து ஓடை ஒன்றிலும் பண்ணை மீன் விடும்போது என்ன ஆகிறது, நிறுத்தினால் என்ன ஆகிறது என்று எண்ணினார். பண்ணை மீன் விட்ட இடத்தில் அங்கேயே பிறந்து வளர்ந்த டிரவுட் குறைந்தது. நிறுத்திய இடத்தில் பெருகியது. கூட்டமாக வந்து இறங்கும் புது மீன்கள் இடத்துக்கும் இரைக்கும் முட்டிமோதிப் பழைய மீன்களை விரட்டிவிட்டு, தாங்களும் வெகுநாள் தாக்குப்பிடிக்காமல் போயின. 1974-இல் அந்த மாநிலம், டிரவுட் தானாகப் பெருகும் ஆறுகளிலும் ஓடைகளிலும் பண்ணை மீன் விடுவதை நிறுத்தியது. தூண்டில்காரர்கள் அப்போது கோபப்பட்டார்கள். இன்று மேடிசன் ஆறு உலகமெங்கும் டிரவுட் பிரியர்களுக்குத் தெரிந்த பெயர்.

ஓடை கெட்டிருக்கும்போது மீனை மட்டும் கொண்டுவந்து விடுவது, ஒழுகுகிற பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உலகில் பல இடங்களில் டிரவுட்டே வந்தேறி. 1864-இல் நார்ஃபோக் என்ற கப்பலில், பாசியில் பொதிந்து பனிக்கட்டியில் வைத்து, இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு முட்டைகளைக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து நியூசிலாந்துக்குப் போயின. தெற்கு அரைக்கோளத்தில் அதற்கு முன் டிரவுட்டே கிடையாது. அங்கே இருந்த கேலக்சியஸ் என்ற சிறு மீன்கள் இந்தப் புது வேட்டைக்காரனைத் தாங்க முடியாமல் பல ஓடைகளில் அழிந்தன. உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டுமே இருக்கின்றன. ஆகவே ஒரு ஓடையில் டிரவுட் குறைகிறது என்று கேள்விப்பட்டால், அது அந்த ஓடையின் பூர்வீக மீனா என்று முதலில் கேட்பது நல்லது. பூர்வீகமில்லை என்றாலும், தண்ணீர் சூடாவதும் வண்டல் அடைவதும் அங்கிருக்கும் மற்ற உயிர்களையும் சேர்த்தே அடிக்கும்.

நம் நினைவை எவ்வளவு நம்பலாம்?

1995-இல் டேனியல் பாலி என்ற மீன்வள அறிவியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த அளவையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து குறைந்தால்தான் குறைவாகத் தெரிகிறது. தாத்தா ஒரு மடுவில் பத்து மீன் பார்த்தார், அப்பா ஆறு பார்த்தார், நாம் மூன்று பார்த்தோம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஒன்றானதும் நாம் வருந்துகிறோம். நம் குழந்தைக்கோ அந்த ஒன்றுதான் இயல்பு, அதற்கு எந்த வருத்தமும் இருக்காது. நகரும் அளவுகோல் என்று இதைச் சொல்லலாம்.

அதனால்தான் வயதானவர்களின் மீன் கதைகளை வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது என்கிறேன். சின்னப் பையனின் கைக்கு எல்லா மீனும் பெரிதுதான், நல்ல நாட்கள்தான் நினைவில் தங்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த மடுவில் ஆழம் எவ்வளவு இருந்தது, எந்த இடத்தில் நிழல் இருந்தது, எந்த மாதம் வரை தண்ணீர் ஓடியது என்று கேட்டுப் பாருங்கள். மீனின் நீளத்தில் தவறு வரும், மடுவின் இடத்தில் வராது. அந்தத் தகவல் வேறு எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தால் மீனை விட்டுவிட்டுப் பின்னால் தெரியும் கரையைப் பாருங்கள்.

உங்கள் பழைய ஓடைக்கு மறுபடி போகும் வாய்ப்பு வந்தால் ஒரு தெர்மாமீட்டரை எடுத்துப் போங்கள். கோடையில், மதியம் மூன்று நான்கு மணிக்கு, நிழலில் ஓடுகிற தண்ணீரில் ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். 16-க்குக் கீழே காட்டினால் சூடு பிரச்சினை இல்லை, கல்லைப் புரட்டி வண்டலையும் புழுவையும் பாருங்கள். 20-ஐத் தாண்டினால் அன்று தூண்டிலை எடுக்கவே வேண்டாம். பிடித்துத் திரும்ப விடுவதாக இருந்தால், முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைப் போடுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உலர்ந்த கை அதன் உடம்பில் இருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். கிருமியிலிருந்து அதைக் காப்பது அந்த வழுவழுப்புதான்.

இலையுதிர் காலத்திலோ வசந்தத்திலோ போனால் மடுவின் கடைசியில், தண்ணீர் வேகமெடுக்கும் இடத்தில் நின்று பாருங்கள். சுற்றிலும் கற்கள் பாசி படிந்து கறுத்திருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் தேய்த்துக் கழுவிய மாதிரி வெளுத்திருக்கும். நீள்வட்டமாக, மேல்பக்கம் சின்னப் பள்ளமும் கீழ்ப்பக்கம் மேடுமாக இருக்கும். அதன் அடியில் முட்டைகள் இருக்கின்றன. மேலே ஒரு கால் வைத்தாலே நசுங்கிவிடும். கரையேறிச் சுற்றிப் போங்கள்.